அசையும் முகமும் அறியும் மனமும்

மனிதன் மனிதனை அறிவதற்கு இயற்கை வகுத்த முதல் ஏடு முகம். அவ்வேட்டில் இரண்டு செய்திகள் எழுதப்பட்டுள்ளன. 'இவர் யார்?' என்பது ஒன்று. 'இவர் உள்ளத்தில் இப்போது ஓடுவது யாது?' என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியைப் படிக்கும் கலையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வைத்திருப்பதே இதற்குச் சான்று. அமைச்சனுக்கும் காதலனுக்கும் ஒருங்கே வேண்டிய கலை அது.

புருவம் நெரிவதும் இதழ் நெளிவதும் உள்ளக் குறிப்பைக் காட்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அதே அசைவு 'இவர் யார்' என்பதையும் காட்டுமா? இதுவே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட வினா. மூக்கின் நீளம், கண்களின் இடைவெளி, கன்ன எலும்பின் உயரம் ஆகியவை நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஆகவே, மாறாத வடிவம் ஆளைக் காட்டும், மாறும் அசைவு மனநிலையைக் காட்டும் என்று இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. உளவியலார் பலரும் அவ்வாறே பிரித்து வந்தனர். அப்பிரிவு முழுதும் பொருந்தாது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. அவற்றுள் நுட்பமான சில, உயிருள்ள மனிதரின் முகத்தைக் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. கணிப்பொறியில் பிறந்த மெய்ந்நிகர் மாந்தரின் முகத்தைக் கொண்டு செய்யப்பட்டவை.

இஃது ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடும் செய்தியன்று. ஒருவர் முகத்தை மற்றொருவர் உடலில் பொருத்திப் பொய்ப்படம் செய்யக்கூடிய காலத்தில் நாம் வாழ்கிறோம். கண்ணால் கண்டதும் பொய் என்ற பழமொழி மெய்யாகிவிட்ட காலம் இது. ஆளை எதைக் கொண்டு அறிகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

இருவகை அசைவுகள்

முக அசைவு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரு வகை உண்டு. தலை முழுவதும் ஒன்றாகத் திரும்புவது, சாய்வது, ஆடுவது ஒரு வகை. இதில் முகத்தின் உறுப்புகளுக்கு இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. மற்றது, முகத்தின் உள்ளே நிகழ்வது. பேசும்போது உதடு குவிவதும், சிரிக்கும்போது கன்னம் உயர்வதும், வியக்கும்போது புருவம் மேலேறுவதும் இவ்வகை. முன்னதைத் தலையசைவு என்றும் பின்னதைத் தசையசைவு என்றும் இங்கே அழைப்போம். இவ்விரண்டும் செய்யும் வேலை ஒன்றல்ல என்பது பின்னர் விளங்கும்.

இருட்டில் ஒளிரும் புள்ளிகள்

அசைவுக்கெனத் தனியே ஒரு மொழி உண்டு என்பதை முதலில் அழகாகக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் யொஹான்சன். மனிதரின் மூட்டுகளில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் அவர்களை நடக்கவிட்டுப் படமெடுத்தார். 1973இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் பேசப்படுகிறது. படம் நின்றிருக்கும்போது பார்ப்பவருக்குத் தெரிவது பொருளற்ற புள்ளிக் கூட்டம். படம் ஓடத் தொடங்கிய கணத்தில் 'மனிதன் நடக்கிறான்!' என்று கண் கண்டுகொள்கிறது. உருவம் சிறிதும் தெரியவில்லை. அசைவே உருவத்தைத் தந்துவிடுகிறது.

இம்முறையை முகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் பாசிலி. முகத்துக்குக் கரிய மை பூசி, அதன்மேல் வெண்புள்ளிகளை இட்டு, புள்ளிகள் மட்டும் தெரியுமாறு படமெடுத்தார். 1978இல் அவர் கண்ட முடிவும் அத்தகையதே. நிற்கும் புள்ளிகளைக் கண்டு அது முகம் என்று சொல்வதே அரிது. அசையும் புள்ளிகளிலோ முகம் தெரிந்தது; மகிழ்ச்சி, வியப்பு முதலிய மெய்ப்பாடுகளும் தெரிந்தன.

ஆனால் இவை நமது வினாவுக்கு முழு விடை ஆகா. 'இது முகம்' என்பதும், 'இம்முகம் சிரிக்கிறது' என்பதும் தெரிந்தன. 'இவர் இன்னார்' என்பது தெரியுமா?

தெரிந்த முகமும் தெளிவற்ற படமும்

நன்கு பழகிய ஒருவரின் தெளிவான படத்தைக் காட்டினால் எவரும் உடனே சொல்லிவிடுவர். அங்கே அசைவுக்கு வேலையே இல்லை. அசைவின் பயனை அளக்க வேண்டுமாயின், முதலில் வடிவத்தின் உதவியைக் குறைக்க வேண்டும். இதற்கு ஆராய்ச்சியாளர் கையாண்ட வழி நெகட்டிவ் படம். கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறிய அப்படத்தில் முகத்தை அறிவது கடினம் என்பதை 1970இல் கால்ப்பர் எடுத்துக்காட்டியிருந்தார். ஒளியும் நிழலும் தலைகீழாவதால் முகத்தின் மேடுபள்ளங்களைக் கண் சரியாகப் படிக்க முடிவதில்லை.

நைட், ஜான்ஸ்டன் என்னும் இருவர் 1997இல் புகழ்பெற்றவர்களின் முகங்களை நெகட்டிவாகக் காட்டினர். நிற்கும் படத்தைவிட ஓடும் படத்தில் பார்ப்பவர்கள் ஆளை நன்றாக அறிந்தனர். 1999இல் கேரன் லேண்டர், கிறிஸ்டி, விக்கி புரூஸ் ஆகியோரும் இதனை உறுதி செய்தனர்.

இங்கே கூரிய அறிவுடைய மாணவர் ஒருவர் தடை எழுப்பலாம். 'ஓடும் படம் என்பது பல நிற்கும் படங்களின் தொகுதிதானே? ஒரு படத்தைவிடப் பல படங்கள் கூடுதல் செய்தி தருவதில் வியப்பென்ன?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதே படச்சட்டங்களை அசைவு தோன்றாதவாறு வரிசையாக நிறுத்தி வைத்துக் காட்டிய போது, ஓடும் படத்தின் பயன் கிட்டவில்லை. மேலும், 2000இல் லேண்டரும் புரூஸும் அசைவின் வேகத்தையும் ஒழுங்கையும் மாற்றிக் காட்டினர். படச்சட்டங்கள் அவையே, காலக்கணக்கு மட்டுமே மாறியது. அப்போது அடையாளம் காணும் பயன் குறைந்தது. எனவே மனம் சேமித்து வைத்திருப்பது படங்களை மட்டுமன்று. அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் நடையையும் சேமித்து வைத்திருக்கிறது. இசையில் சுரங்கள் அவையே ஆயினும் காலப்பிரமாணம் கெட்டால் பாட்டு கெடுவதைப் போன்றது இது.

மெய்ந்நிகர் மாந்தர் ஏன் வேண்டும்?

இவ்வளவு தெரிந்த பின்னும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. உயிருள்ள மனிதரிடம் வடிவமும் அசைவும் பூவும் மணமும்போலப் பிரியாமல் இருக்கின்றன. இராமனின் வடிவத்தில் கந்தனின் அசைவைப் பார்க்க இயலாது. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, இரண்டையும் பிரித்து, வேண்டியவாறு மாற்றிச் சேர்க்க வேண்டும். பலகுரல் கலைஞர் ஓரளவு இதனைச் செய்வார்; தம் முகத்தில் பிறருடைய அசைவைக் கொண்டுவருவார். ஆயினும் அஃது அளவிட்டுச் செய்யும் சோதனை ஆகாது. கணிப்பொறியே இதற்கு ஏற்ற கருவி.

கணிப்பொறியில் முகத்தை அசைய வைக்கும் முயற்சியை அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பார்க் 1972இல் செய்துகாட்டினார். 1999இல் ஃபோல்கர் பிளான்ஸ், தாமஸ் ஃபெட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள், ஆண்கள் நூறு பேர், பெண்கள் நூறு பேர் ஆகிய 200 பேரின் தலைகளை முப்பரிமாணத்தில் அளந்து, அவற்றிலிருந்து புதிய முகங்களை உருவாக்கும் முறையை வகுத்தனர். அம்முறையால் எல்லார்க்கும் பொதுவான சராசரி முகத்தை ஆக்கலாம். ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குப் படிப்படியாக மாறும் இடைமுகங்களையும் ஆக்கலாம். நடிகரின் முகத்தில் குறிகளை ஒட்டி, அவற்றின் அசைவைக் கருவியால் பதிவு செய்து, அப்பதிவை எந்த முகத்துக்கு வேண்டுமானாலும் ஏற்றும் முறையும் வளர்ந்தது. வடிவம் ஒருவருடையது, அசைவு மற்றொருவருடையது என்ற நிலை இவ்வாறு கைகூடியது.

முதற்சோதனை: ஒரு முகம், பலர் அசைவு

ஹரால்டு ஹில், ஆலன் ஜான்ஸ்டன் ஆகிய இருவர் 2001இல் வெளியிட்ட சோதனையின் அமைப்பு மிக எளியது. பல நடிகர்களின் முக அசைவையும் தலையசைவையும் பதிவு செய்து, அத்தனையையும் ஒரே சராசரி முகத்தின்மேல் ஏற்றினர். பார்ப்பவருக்குத் தெரியும் மூக்கு ஒன்று, கண் ஒன்று, வாய் ஒன்று. வேறுபடுவது அசைவு மட்டுமே. அப்படியிருந்தும், இது ஒருவருடைய அசைவு, அது மற்றொருவருடையது என்று பார்ப்பவர்கள் பிரித்தறிந்தனர். அசைப்பவர் ஆணா பெண்ணா என்றும் ஓரளவு சொன்னனர்.

இங்கேதான் நான் முன்பு கூறிய இருவகை அசைவுகளின் வேறுபாடு வெளிப்படுகிறது. ஆளைப் பிரித்தறிவதற்குத் தலையசைவு பெரிதும் உதவியது. ஆணா பெண்ணா என்று அறிவதற்குத் தசையசைவு உதவியது. நம் நண்பர் ஒருவர் தலையைச் சாய்த்துக் கேட்கும் பாங்கினைத் தொலைவிலிருந்தே கண்டு 'அதோ வருகிறார்' என்று சொல்கிறோமே, அது வெறும் ஊகமன்று.

இரண்டாம் சோதனை: இரு முகம், இரு அசைவு

ஜெர்மனியில் டியூபிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சார்ந்த ஓர் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பார்பரா நாப்மையர், இயன் தார்ன்டன், ஹைன்ரிக் பூல்தாஃப் ஆகிய மூவர் செய்து 2003இல் வெளியிட்ட சோதனை, முகத்தைக் கற்கும்போதே அசைவு எவ்வாறு மனத்தில் பதிகிறது என்பதை ஆராய்ந்தது.

அவர்கள் இரண்டு மெய்ந்நிகர் முகங்களைப் பார்ப்பவர்களுக்குப் பழக்கினர். முதல் முகம் எப்போதும் ஒருவருடைய தசையசைவோடும், இரண்டாம் முகம் எப்போதும் மற்றொருவருடைய தசையசைவோடும் வந்தது. பழகிய பின்னர், முதல் முகத்திலிருந்து இரண்டாம் முகத்துக்குப் படிப்படியாக மாறும் இடைமுகங்களைக் காட்டி, 'இவர் முதலாமவரா, இரண்டாமவரா?' என்று கேட்டனர். அவ்விடைமுகங்கள் சில வேளை முதல் அசைவோடும், சில வேளை இரண்டாம் அசைவோடும் வந்தன.

அசைவுக்கு ஆளை அறிவதில் பங்கில்லை என்றால், வடிவம் ஒன்றாக இருக்கும்வரை விடையும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. ஒரே இடைமுகம், முதல் அசைவோடு வந்தபோது முதலாமவரின் பக்கமும், இரண்டாம் அசைவோடு வந்தபோது இரண்டாமவரின் பக்கமும் சாய்ந்தது. தராசின் இரு தட்டும் ஒத்து நிற்கும் நேரத்தில் ஒரு மணி கூடுதலாக விழுந்தால் முள் அந்தப் பக்கம் சாய்வதுபோல, அசைவு தீர்ப்பைச் சாய்த்தது. மனம் வடிவத்தையும் அசைவையும் தனித்தனிப் பேரேடுகளில் எழுதி வைப்பதில்லை. ஆளை அறியும் போது இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது என்பது இதன் முடிவு.

அசைவு எவ்வாறு உதவுகிறது?

இதற்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. 2002இல் ஆலிஸ் ஓட்டூல், ரோர்க், அப்டி ஆகியோர் அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினர். முதல் விளக்கம்: ஒவ்வொருவருக்கும் கையெழுத்து இருப்பதுபோல ஒவ்வொரு முகத்துக்கும் தனி அசைவெழுத்து உண்டு, பழகப் பழக அதனைக் கற்கிறோம். இரண்டாம் விளக்கம்: அசைவு முகத்தின் முப்பரிமாண வடிவத்தை நன்கு விளங்கச் செய்கிறது. சிற்பத்தை ஒரே இடத்தில் நின்று பார்ப்பவனைவிடச் சுற்றி வந்து பார்ப்பவன் அதன் வடிவத்தை நன்கு அறிவான் அன்றோ! அதுபோன்றதே இது.

பழகிய முகங்களுக்கு முதல் விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. புதிய முகங்களில் செய்தி அவ்வளவு தெளிவாக இல்லை. 1997இல் பைக் முதலானோர் செய்த சோதனையில், சுழலும் தலையைக் கண்டு கற்றவர்கள் பின்னர் நன்றாக அடையாளம் கண்டனர். 1998இல் கிறிஸ்டியும் புரூஸும் செய்த சோதனையிலோ புதிய முகங்களுக்கு அசைவால் பயன் காணப்படவில்லை.

இம்முரண்பாட்டில் ஒளி பாய்ச்சுவது 2007இல் லேண்டரும் டேவிஸும் வெளியிட்ட ஆராய்ச்சி. நிற்கும் படத்தில் முகத்தைக் கற்றவர்களுக்குப் பிறகு ஓடும் படத்தைக் காட்டியதால் பயனில்லை. ஓடும் படத்தில் கற்றவர்களுக்கே, பிறகு ஓடும் படம் பயன் தந்தது. எழுதாத எழுத்தை எவ்வாறு படிப்பது? கற்கும்போது மனத்தில் பதியாத அசைவு, அடையாளம் காணும்போது கைகொடுக்காது. அசைவெழுத்தைக் கற்க நெடுங்காலப் பழக்கம் வேண்டுவதில்லை, விரைவிலேயே அது மனத்தில் பதிந்துவிடுகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

மூளை சொல்லும் சான்று

ஜேம்ஸ் ஹாக்ஸ்பியும் அவர் துணைவர்களும் 2000இல் வரைந்த மூளைப் படத்தில் இரு பாதைகள் காணப்படுகின்றன. முகத்தின் மாறாத வடிவத்தைப் படிக்கும் பகுதி மூளையின் அடிப்புறத்தில் உள்ளது. பார்வை, உதட்டசைவு முதலிய மாறும் பகுதிகளைப் படிப்பது, பக்கவாட்டில் ஓடும் ஒரு பள்ளம். முன் கூறிய டியூபிங்கன் சோதனை, இவ்விரு பாதைகளுக்கும் இடையே போக்குவரத்து இருந்தாக வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

இதனை மற்றொரு வகையிலும் காணலாம். முகங்களைக் கண்டும் ஆளை அறிய இயலாத குறை சிலருக்கு உண்டு. 1947இல் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போடமர் அதற்குத் தனிப்பெயர் சூட்டினார். கண் பழுதில்லை, அறிவும் பழுதில்லை; முகம் மட்டும் பிடிபடாது. பிறவியிலிருந்தே இக்குறை உடைய ஒருவரைப் பற்றி ஸ்டீட், ட்ரீ, ஹோல் ஆகியோர் 2007இல் எழுதினர். நிற்கும் முகங்களை அறிய இயலாத அவர், முகங்களின் அசைவைக் கொண்டு ஆளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார். ஒரு கதவு அடைபட்டால் மற்றொரு கதவு திறக்கும் என்பதற்கு இஃது ஆறுதலான சான்று.

வெள்ளித்திரையும் பொய்ப்படமும்

தமிழ்த் திரைப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு மெய்ந்நிகர் மாந்தர் புதியவர் அல்லர். 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்தின் அசைவைக் கருவியால் பதிவு செய்து மெய்ந்நிகர் உருவத்துக்கு ஏற்றினர். 2009இல் மறைந்த நாகேஷும் அப்படத்தில் உருவம் பெற்றார். இத்தகைய படங்களைப் பார்க்கும்போது மூக்கும் முழியும் ஒத்திருந்தும் 'அவர்தாம்' என்று நெஞ்சு ஒப்பத் தயங்குவது ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல்லாண்டுகள் திரையில் கண்டு நாம் கற்றது அவர்களின் அசைவெழுத்தையுமே. வடிவத்தை வரைந்துவிட்டு அசைவைக் கோட்டை விட்டால், மனம் அதனைக் குறையாகவே காணும். ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே, மனிதனை ஏறக்குறைய ஒத்திருந்து முழுதும் ஒவ்வாத உருவம் அருவருப்பை ஊட்டும் என்றும், அது அசையும்போது அவ்வுணர்வு மிகும் என்றும் எழுதினார்.

பொழுதுபோக்கில் இது குறை. பொய்ப்படத்திலோ இதுவே நமக்குக் காவல். டீப்ஃபேக் என்று வழங்கும் பொய்ப்படங்களுள் ஒரு வகை, ஒருவர் முகத்தை மற்றொருவர் முகத்தின்மேல் பொருத்துவது. அங்கே வடிவம் தலைவருடையது. அசைவோ கூலிக்கு நடித்தவருடையது. டியூபிங்கன் சோதனையில் கண்ட அதே கலவை! 2019இல் ஷ்ருதி அகர்வால், ஹனி ஃபரித் முதலானோர் இதனையே பிடியாகக் கொண்டனர். ஒபாமா முதலிய தலைவர்கள் பேசும்போது தலை எப்படித் திரும்புகிறது, அதனோடு எந்தத் தசை சுருங்குகிறது என்பனவற்றின் உறவைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, அவ்வுறவு மாறியிருக்கும் படத்தைப் பொய்யென்று பிரித்தனர். முகத்தசைகளின் அசைவை வகைப்படுத்துவதற்கு எக்மன், ஃப்ரீசன் ஆகியோர் 1978இல் வகுத்த முறை இதற்கு அடிப்படையாயிற்று.

எனினும், அசைவையும் திருடி ஏற்றும் கருவிகள் வளர்ந்து வருகின்றன. ஆகவே கண்ணை மட்டும் நம்பி இருத்தல் ஆகாது. தெரிந்த முகம் ஒன்று கைப்பேசித் திரையில் தோன்றி அவசரமாகப் பணம் கேட்குமாயின், அவருடைய எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்து, அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுத் தெளிவதே அறிவுடைமை.

நீங்களே செய்து பார்க்கலாம்

நண்பர்களே! இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. கைப்பேசியில் வண்ணங்களைத் தலைகீழாக்கும் வசதி உண்டு. விடுதி நண்பர் ஒருவரிடம், நடிகர்கள் பேசும் சில காட்சிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆடை, கதை, பாத்திரம் ஆகியவற்றால் ஆள் தெரிந்துவிடாதவாறு முகம் மட்டும் தெரியும் காட்சிகளாக அவை இருக்கட்டும். ஒலியை அடைத்துவிட வேண்டும், குரல் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் படத்தை நிறுத்தி வைத்து விடையை எழுதுங்கள். பின்னர் ஓடவிட்டு எழுதுங்கள். சிலரை நிற்கும் படத்தில் மட்டும், சிலரை ஓடும் படத்தில் மட்டும் பார்க்கச் செய்தால் ஒப்பீடு இன்னும் செம்மையாகும்.

முடிவாக

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுவேன். முகத்தின் அசைவு மனநிலையை மட்டுமன்றி ஆளையும் காட்டும். படம் தெளிவற்றபோதும் வடிவம் ஐயத்துக்கு இடமானபோதும் அதன் உதவி பெரிது. அசைவோடு கற்ற முகத்துக்கே அவ்வுதவி கிட்டும். வடிவத்தையும் அசைவையும் பிரித்துக்காட்டி இதனை உணர்த்தியவர்கள், உயிரில்லாத மெய்ந்நிகர் மாந்தரே.

இதிலிருந்து நான் பெறும் படிப்பினை ஒன்று உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் பயில்கிறோம். வந்த புதிதில் இங்குள்ள முகங்கள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். இவ்வூரார்க்கும் நம் முகங்கள் அவ்வாறே தோன்றும். அடையாள அட்டையிலுள்ள படத்தையும் குழுப்படத்தையும் நெடுநேரம் நோக்கினாலும் அது தீராது. நிற்கும் முகம் நிற்கும் முகமாகவே நின்றுவிடும். எதிரே அமர்ந்து பேசுங்கள், சிரிக்க வையுங்கள், வழக்காடுங்கள். ஒருவர் சிரிக்கும்போது தலை எப்பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்ட பின், அவரை ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண்டுகொள்வோம்.